மெத்தைச் சப்பாத்தும் ஹாலிஎல கல்பாதையும்

பெப்ரவரி மாதப் பௌர்ணமிப் போயா விடுமுறையோடு இரண்டு நாள் லீவு சேர்த்துக்கொண்டு பதுளைக்குப் போய் வந்தேன். காரணம் என் தங்கை தர்ஷினி. ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். பதுளை டவுனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். போன வருடம் வெலிமடையில் ஒரு கல்யாண வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலை முறித்துக்கொண்டாள். அதற்கு முன்பு நாங்கள் இருவரும் சேர்ந்து ஓடுவோம். நான் வேலைக்காகக் கொழும்புக்குப் போன பிறகும், ஊருக்கு வந்தால் முதல் காரியம் அதுதான்.

"டாக்டர் ஓடலாம்னு சொல்லிட்டாருக்கா," என்றாள் போனில். குரலில் சந்தோஷம் இல்லை. "ஆனா தூக்குன காலைக் கீழ வைக்கப் பயமா இருக்கு. நீ ஒருக்கா வா. அப்பவும் முடியலேன்னா விட்டுறலாம்."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டுத்தான் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

கொழும்பில் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறினால் பதுளைக்கு வரப் பகல் இரண்டு மணியாகிவிடும். ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். பெரகலையில் ஏற்றம் தொடங்கியதும் காற்று மாறும், காது அடைக்கும். அப்புத்தளையைத் தாண்டும்போது மேகம் பஸ்ஸுக்குள்ளேயே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. முன் சீட்டில் ஒருவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். எழுந்து பார்த்த ஒவ்வொரு தடவையும் ஒரே தேயிலை மலை எதிரே நிற்பதுபோலவும் பஸ் நகரவே இல்லை என்பதுபோலவும் தோன்றியது.

அன்று பின்னேரமே, ஓடுவதற்குச் சப்பாத்து வாங்க இருவரும் போனோம். (பின்னேரம் போவதுதான் நல்லது. நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும்.) கடை பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. விற்பனைக்கு நின்ற பெண் தர்ஷினியின் கதையைக் கேட்டுவிட்டு, ஒரு வெள்ளைச் சோடியைக் கொண்டுவந்து வைத்தார். அடிப்பாகம் மூன்று விரல் கனம்.

"இதத்தான் இப்ப எல்லாரும் கேக்குறாங்க மிஸ். போட்டுப் பாருங்க, மெத்தையில நிக்கிற மாதிரி இருக்கும்."

தர்ஷினி போட்டுக்கொண்டு கடைக்குள் இரண்டு தடவை நடந்தாள். பளிங்குத் தரையில் சத்தமே இல்லை. "கால் இருக்கிறதே தெரியலக்கா," என்று சிரித்தாள். முறிந்த காலுக்கு மெத்தை வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. எடுத்துக்கொண்டோம். பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

என் பழைய சோடியும் தேய்ந்து போயிருந்தது. எனக்கு ஒன்றும் முறியவில்லை, எனக்கெதற்கு மெத்தை என்று, அடி மெல்லியதாகவும் சற்று இறுக்கமாகவும் இருந்த ஒரு நீலச் சோடியை எடுத்தேன். இருவருக்கும் ஒரே அளவு, முப்பத்தெட்டு.

அடுத்த நாள் விடிந்ததும் பஸ்ஸில் ஹாலிஎலவுக்குப் போனோம். பதுளையிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டவுனைத் தாண்டி மேலே பிரியும் தோட்ட வீதியில் ஓடி, தேயிலை மலையைச் சுற்றி, மறுபக்கமாக இறங்கி வருவதாகத் திட்டம். முதல் மூன்று கிலோமீட்டர் தார் ரோடு. பிறகு நான்கு கிலோமீட்டர் கல் பதித்த தோட்டப் பாதை. கடைசி இரண்டு மறுபடியும் தார், அதுவும் இறக்கம்.

தார் ரோட்டில் தர்ஷினி நன்றாகவே ஓடினாள். மூடுபனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. வெள்ளைச் சப்பாத்து பனிக்குள் மறைந்துவிட, அவள் தரையைத் தொடாமல் மிதந்து போவதுபோல் இருந்தது. தூரத்தில் தொழிலாளர் லயத்து வீடொன்றில் ரேடியோ பாடியது. விறகுப் புகை வாசம் வந்தது. வேறு உலகமே இல்லை. அந்தக் கனவுக்குள் இடைஞ்சலாக இருந்தது என் கால்தான். கொழும்பில் சமதரையில் ஓடிப் பழகிய கால். மெல்லிய அடி வழியாகத் தாரின் ஒவ்வொரு குத்தும் கெண்டைக்கால் எலும்பில் ஏறியது.

கல்பாதை தொடங்கியதும் எல்லாம் மாறியது. பாதையில் பதித்திருந்த கற்கள் உருண்டையும் சாய்வுமாக, பனியில் நனைந்து கிடந்தன. தர்ஷினி பத்தடி போவதற்குள் கால் பக்கவாட்டில் சாய்ந்தது. சமாளித்தாள். மறுபடி சாய்ந்தது. மூன்றாவது தடவை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள், ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"எனக்கு வேணாம்க்கா. ஆட்டோவக் கூப்புடு, போயிரலாம்."

போனில் சிக்னல் இல்லை. இருந்தாலும் அந்தப் பாதையில் ஆட்டோ வராது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலைப் பெரட்டில் பேர் பதிந்து, அன்றைய வேலையை வாங்கிக்கொண்ட கையோடு மலைக்கு ஏறிக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் எங்களைப் பார்த்து நின்றார்கள்.

"ஏன் தங்கச்சி, விழுந்துட்டீங்களா?"

"இல்லக்கா, ஓடிக்கிட்டிருந்தோம். காலு கொஞ்சம் சரியில்ல," என்றேன்.

"யாரு தொரத்துறாங்க?"

"யாருமில்ல. சும்மாதான்."

"சும்மாவா! இந்த மலையிலயா?" அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்க்க, எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த தர்ஷினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்துப் போங்கம்மா," என்று சொல்லிவிட்டு அவர்கள் பனிக்குள் ஏறிப் போனார்கள். உருவங்கள் மறைந்த பிறகும் சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் மேலேயிருந்து கேட்டது.

தர்ஷினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நடந்தாவது எறங்கணும். ஒன் சப்பாத்தக் குடு, பாப்பம். இதப் போட்டா கீழ என்ன இருக்குன்னே தெரியல."

மாற்றிக்கொண்டோம். அவள் எழுந்து வலது காலை ஒரு கல்லின்மேல் மெதுவாக வைத்தாள். எடுத்தாள். அடுத்த கல்லில் வைத்தாள்.

"கல்லு தெரியுதுக்கா," என்றாள்.

"குத்துதா?"

"இல்ல. தெரியுது. எங்க சாயுது, எங்க நிக்குதுன்னு தெரியுது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுடைய பயம் வலியைப் பற்றியது அல்ல. பாதம் எங்கே போய் நிற்கும் என்று தெரியாத பயம். மெத்தை அந்தப் பயத்தைக் குறைப்பதற்குப் பதிலாக வளர்த்துவிட்டது. உயரமும் மென்மையும் சேர்ந்து, சாய்ந்த கல்லில் கணுக்காலை இன்னும் சாய்த்தன.

கொஞ்சம் நடந்தாள். பிறகு சின்னச் சின்ன எட்டாக ஓடினாள். நான் அந்த வெள்ளைச் சப்பாத்தில் தள்ளாடிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஒரு வளைவில் அவள் பனிக்குள் போய் மறைந்தாள். கல்லில் கால் படும் சத்தம் மட்டும் வந்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு சீராக, பிறகு தூரமாக. கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் வெள்ளை, அதற்குள்ளே எங்கோ என் தங்கை ஓடிக்கொண்டிருந்தாள்.

தார் ரோடு தொடங்கும் இடத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வியர்வை. பனி விலகி, நமுனுகுல மலை அவளுக்குப் பின்னால் நீலமாகத் தெரிந்தது. "வலிக்குதா?" என்றேன். "கொஞ்சம் இறுக்கமா இருக்கு. வலி இல்ல," என்றாள். கடைசி இறக்கத்தில் மெத்தையின் அருமை எனக்குப் புரிந்தது. கெண்டைக்கால் குத்து அடங்கி, கால் தானாக உருண்டு போனது. ஹாலிஎலவில் ரொட்டியும் கட்டசம்பலும் பிளேன்டீயும் சாப்பிட்டோம். சப்பாத்தைத் திருப்பி மாற்றிக்கொள்ளும் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

இந்தப் பக்கம் ஓட வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மெத்தை கூடினால் நல்லது என்றோ குறைந்தால் நல்லது என்றோ பொதுவாகச் சொல்ல முடியாது. எந்தத் தரையில் ஓடப் போகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். தாரிலும் நீண்ட இறக்கத்திலும் கனமான அடி கைகொடுக்கும். தோட்டத்துக் கல்பாதைக்கு அடி தாழ்வாகவும் அகலமாகவும், பிடிப்போடும் இருக்க வேண்டும். கடையில் பளிங்குத் தரையில் மட்டும் நடந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள்; கேட்டால் வாசலில் இறங்கிப் பார்க்க விடுவார்கள். ஒற்றைக் காலில் நில்லுங்கள். கணுக்கால் ஆடினால் அந்தச் சோடி வேண்டாம். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். மெல்லிய அடிக்கு மாறுகிறவர்கள் முதல் சில நாட்கள் தூரத்தைக் குறையுங்கள். கால் முறிந்து ஆறியவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். பெப்ரவரியில் காலைப் பனி ஒன்பது மணிவரை நிற்கும். வேலை நடக்கும் மலைகளில் வழிவிட்டு ஓடுங்கள். தோட்டத்துக்குள் நுழையுமுன் கேட்டுக்கொள்வது மரியாதை.

கொழும்புக்குத் திரும்பும் நாள் காலையில் பதுளை பஸ் நிலையத்தில் கேட்டேன், "அடுத்த மாசமும் வரட்டுமா? சேர்ந்து ஓடலாம்."

"வா, ஆனா அதுக்காக வராத," என்றாள் தர்ஷினி. "வர்ற ஞாயித்துக்கிழமை நான் தனியாப் போறேன்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அது மனதில் சற்று உறுத்தியது. ஆறு மாதமாக அந்தச் சொல்லுக்காகத்தானே காத்திருந்தேன் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளவத்தைக் கடற்கரையோரம் நான் ஓடிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது.

"சரியான மழைக்கா. ஆனாலும் போயிட்டு வந்துட்டேன்."