நடுவில் ஒரு பெயர்

கனடாவிலிருந்து ஐந்து வார லீவில் பம்பாய் வந்திருந்தேன். வந்த காரணம் ஒன்றுதான்: மனைவியின் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்தை இந்த முறை நானே உட்கார்ந்து எழுதி அனுப்புவது. முதல் விண்ணப்பத்தைச் சயானில் ஒரு ஏஜென்ட் நிரப்பியிருந்தார். அது அப்படியே திரும்பி வந்துவிட்டது. கடந்த பத்து ஆண்டுகளில் எங்கெங்கே குடியிருந்தீர்கள், ஒரு மாதமும் விடாமல் எழுதவும் என்ற இடத்தில் எட்டு மாதம் விடுபட்டிருந்தது. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது பதினோரு வாரம். இன்னொரு தடவை திரும்பி வந்தால் இன்னும் எத்தனை வருடமோ.

கூலித் தொழிலாளர்கள் நெருங்கி வாழும் லேபர் கேம்பில், எங்கள் வீட்டின் மேல்தட்டில், தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்து மனைவியிடம் கேட்டேன்.

"அந்த எட்டு மாசம் எங்க இருந்த?"

"வீட்லதான்."

"எந்த வீட்ல? செம்பூர் வீட்டத்தான் அப்ப இடிச்சுட்டாங்கன்னு உங்கம்மா சொன்னாங்களே."

"அம்மாகூடத்தான் இருந்தேன். என்னத்துக்குப் போலீஸ்காரன் மாதிரி கேக்கிய?"

"நான் கேக்கல. இந்த விண்ணப்பப் பாரம் கேக்குது."

"பாரம் இம்புட்டு முறைக்காது" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷன் வேலை அவளுக்கு.

அவள் போனதும் அவளுடைய சர்ட்டிபிகேட் பையைத் திறந்தேன். அந்த எட்டு மாதத்துக்கு ஏதாவது ஒரு காகிதம் வேண்டும் என்றுதான் திறந்தேன். இதை அவளிடமும் பிறகு சத்தியம் செய்திருக்கிறேன். அடியில் ஒரு பழைய பேங்க் பாஸ்புக். நெருள் கிளை. தேதி சரியாக அந்த எட்டு மாதத்தில் விழுந்தது.

ஊரில் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து போதும். பம்பாயில் அப்படிக் கிடையாது. தன் பெயர், நடுவில் அப்பாவின் முழுப்பெயர், கடைசியில் குடும்பப் பெயர். கல்யாணமான பெண்ணுக்கு நடுவில் புருஷன் பெயர் வந்துவிடும். அவளுடைய அப்பா அவள் சின்ன வயதிலேயே இறந்தவர். பள்ளிச் சான்றிதழிலெல்லாம் நடுவில் அவர் பெயர்தான். இந்தப் பாஸ்புக்கில் நடுவில் இருந்தது நான் கேள்விப்பட்டிராத ஒரு ஆணின் பெயர்.

மடியில் விண்ணப்பம் விரிந்து கிடந்தது. 'முன்பு திருமணம் ஆகியிருந்ததா?' இல்லை என்று அவளே டிக் போட்டிருந்தாள். 'வேறு பெயரால் அறியப்பட்டதுண்டா?' அதற்கும் இல்லை.

நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும், அதையும் நம்ப முடியாது என்று தோன்றியது. உறவை நிரூபிக்க இருபது கல்யாண போட்டோ எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஆல்பத்தைப் புரட்டியபோது எங்கள் இருவரையும் விட்டுவிட்டு ஓரத்தில் நின்ற ஆண்களைத்தான் பார்த்தேன். அவள் சிரிக்கும் படங்களில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று பார்த்தேன். இரண்டு வருடமாகப் போனில் அனுப்பிக்கொண்ட மெசேஜ்களையும் அச்செடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் 'சாப்டியா', 'சாப்டேன்'. அவள் பதில் போடாத நாட்களைப் பென்சிலால் சுழித்தேன். கனடா அதிகாரி பார்ப்பதற்கு முன்பே அவர் வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், செம்பூரில் ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சயானில் ரயிலேறி, குர்லாவில் மாறி, நெருளில் இறங்கினேன். பாஸ்புக்கில் இருந்த முகவரி ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. கதவில் பிளாஸ்டிக் பெயர்ப்பலகை. அதே பெயர். பெல்லை அடித்தேன்.

"அடடே, மாப்ள! ஒரு போன் அடிக்கப்பிடாதா? வாங்க, வாங்க!"

கதவைத் திறந்தது அவளுடைய தாய்மாமா. ஏசி ரிப்பேர் செய்பவர், எங்கள் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தவர். வீட்டில் எல்லாருக்கும் அவர் 'நெருள் மாமா'. அவருக்கென்று ஒரு பெயர் இருக்கும் என்பதையே நான் யோசித்ததில்லை.

நிம்மதி ஒரு நிமிடம் இருந்தது. பிறகு அது மோசமாயிற்று. எங்கள் ஆட்களில் தாய்மாமாதான் முதல் முறைமாப்பிள்ளை. அவளைவிட எட்டு வயதுதான் மூத்தவர். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

பாஸ்புக்கை எடுத்து நீட்டினேன். அவர் சிரித்தார்.

"இத இன்னுமா வச்சிருக்கா? வீடு இடிச்சப்ப அக்காவும் அவளும் இங்கனதான இருந்தாங்க. அவளுக்கு மொத வேலை. சம்பளம் போட அக்கவுன்ட் வேணும்னாங்க. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"நடுவுல உங்க பேரு இருக்கே, மாமா."

"பாரத்துல அப்பா அல்லது கணவர்னு ஒரே கோடு. கரண்ட் பில்லு என் பேருல. எந்த ஆம்பள வீட்ல இருக்காளோ அவன் பேர எழுதணும்போலன்னு நினைச்சு எழுதிட்டேன். நான் எட்டாங் கிளாஸ், மாப்ள. கவுன்டர்ல இருந்தவன் கேட்டான், யே கோன் ஹை, இது யாருன்னு. மாமான்னேன். சீல் குத்திட்டான்."

"அப்பான்னு எழுதினீங்களா, கணவர்னா?"

அவர் சிரிப்பு நின்றது. உள்ளே போய் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்க பாஸ்புக்கக் காட்ட வரல, என்ன? சரி, கேட்டுக்கிடுங்க. அக்காவுக்கு ஆசை இருந்துச்சு. எனக்கும் இருந்துச்சு. நான் அவகிட்ட நேராவே கேட்டேன். வேண்டாம் மாமான்னா. மறுநாள் காலைல எனக்கும் சேத்துத்தான் டிபன் கட்டினா. அதுக்குமேல ஒண்ணுங் கெடையாது."

திரும்பி வரும்போது ரயிலில் அதை முன்னும் பின்னுமாக உருட்டிப் பார்த்தேன். உண்மையாகத்தான் இருந்தது. அவ்வளவு சரளமாக வந்ததே, ஏற்கெனவே பேசி வைத்ததோ என்றும் தோன்றியது.

வீட்டில் அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள்.

"செம்பூர் எப்ப நெருளுக்கு மாறுச்சு?"

மாமா போன் செய்திருக்கிறார். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவள் ஒரு காகிதத்தை என் முன்னால் போட்டாள். என்னுடைய பழைய வசிப்புரிமை விண்ணப்பத்தின் நகல். மாதிரிக்கு இருக்கட்டும் என்று நானே அவளுக்கு அனுப்பியது.

"இதுல எந்த வீட்ல குடியிருந்ததா போட்டிருக்கிய?"

மாட்டுங்காவில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை முகவரி. அப்பா அங்கே மூட்டை இறக்குகிறார். கல்லூரியில் சேர்ந்தபோது, லேபர் கேம்ப் என்று எழுதினால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று, கடை முதலாளியிடம் கேட்டு அந்த முகவரியைப் போட்டேன். கடிதமும் ஒழுங்காக வரும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். எழுதியதைச் சரி பார்க்க ஆளில்லை. அதே முகவரி வேலைக்குப் போனது, பாஸ்போர்ட்டுக்குப் போனது, கடைசியில் கனடாவுக்கும் போனது.

"அந்தக் கடை மாடியில எத்தன வருஷம் தூங்கினிய?"

"அது வேற."

"எது வேற? மாமா தெரியாம எழுதுச்சு. நீங்க தெரிஞ்சுல்லா எழுதியிருக்கிய. எனக்கு முத பாரம் நிரப்பும்போதே தெரியும். நான் கேட்டேனா? கடைக்குப் போயி விசாரிச்சேனா?"

கீழே அம்மா குக்கரை இறக்கும் சத்தம் கேட்டது. அவள் விண்ணப்பத்தில், கல்யாணத்துக்குப் பிறகு குடியிருந்த இடம் என்று லேபர் கேம்ப்தான் வரும். என் விண்ணப்பத்தையும் அவளுடையதையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அகப்படுவது அவள் இல்லை, நான். மாட்டுங்கா என்றே எழுதச் சொல்லலாம். அப்போது அவளும் என் பொய்யில் கையெழுத்துப் போட வேண்டும்.

"ரெண்டையும் எழுதிருவோம்" என்றேன். "உன் எட்டு மாசத்தையும், என் முகவரியையும். விளக்கக் கடிதமா வைப்போம்."

"உங்களுக்குப் பிரச்சினை வராதா?"

"வரலாம்."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை. மூன்று நாளாக நான் அவளைப் பார்த்தது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப மாமா கேட்டுச்சு, நான் வேண்டாம்னேன்னும் எழுதுங்க."

"அதெல்லாம் அவங்களுக்குத் தேவையில்ல."

"தேவையில்லாததுக்கா நெருள் வரைக்கும் போனிய?"

அந்த வாரம் மாமா நோட்டரியிடம் போய், தன் பெயர் அங்கே வந்த கதையை எழுதிக் கொடுத்து, அவளுடைய தாய்மாமா என்று கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளில் இருந்த பெயரை எழுத்தெழுத்தாகப் பாஸ்புக்கில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

என் கடிதத்தை நான்கு தடவை திருத்தி எழுதினேன். லேபர் கேம்பில் பிறந்தேன், அங்கேதான் வளர்ந்தேன், முன்பு தவறான முகவரி கொடுத்தேன். அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலே போனாள். விரல் தாளின் தலைப்பில் நின்றது.

"இங்க என்ன எழுதியிருக்கிய?"

அனுப்புநர் முகவரி. மாட்டுங்கா, மும்பை. கை பழக்கத்தில் அப்படியே எழுதியிருந்தது.

அவள் பேனாவை என்னிடம் நீட்டினாள். நான் எழுதி முடிக்கும் வரை தாளிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.