எண்ணெய்த் துணி

இதை எழுதினால் மாரியாத்தா வாக்கைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று பல வருஷம் தயங்கினேன். இன்று எங்கள் வாசல் நிலைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறார்கள். அந்த வாடை வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் அப்பாவுக்குத் தகரக் கூரை போட்ட தச்சுக் கொட்டகை இருந்தது. கொடைக்கானல் ஏரிப் பாய்மரப் படகு ஒன்று தேக்கு விளிம்பு மாற்ற வந்தது. வெயில், மழைக்கு வார்னிஷ் தாங்குமா, ஆளிவிதை எண்ணெய் தாங்குமா என்று குழம்பிய அப்பா, மாரியம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தார். எண்ணெய்க்கு நினைத்த வெள்ளைப் பூ வந்தது.

"வெளுத்துப்போனா ஆத்தாவா வந்து மறுபடி பூசுவா?" என்றாள் அம்மா.

"செத்த நேரம் சும்மா இரு. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அப்பா.

காலையெல்லாம் துணியால் எண்ணெய் தேய்த்து, அந்தத் துணிகளைப் படகுக்கடியில் குவித்துவிட்டு, தங்கச்சியைப் படகுக்குள் தூங்கவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். யாரும் நெருப்பு வைக்கவில்லை. குவியல் தானாகப் புகைந்து, சத்தமில்லாமல் பற்றியது. அப்பா பாய்ந்து தூக்கியபோது அவள் பாவாடை ஓரம் கருகியிருந்தது. படகும் கொட்டகையும் சாம்பலாயின.

தெய்வக் குத்தம் என்றார்கள். அப்பா சாகும்வரை அதை நம்பிப் பயந்தார். குவித்த ஆளிவிதை எண்ணெய்த் துணி, எண்ணெய் காயும்போது தானே சூடேறிப் பற்றும் என்பது அவர் போன பிறகே எனக்குத் தெரிந்தது. ஆத்தா பூசத்தான் சொன்னாள், குவிக்கச் சொல்லவில்லை. அற்புதம், சாபம் என்று எதுவும் சேர்க்காமல், இதை இப்படியே நாலு பேருக்குச் சொல்லுங்கள்.