காலரைத் திருப்பிப் பார்ப்பவர்

மரக்காணம் உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுபவர் அவர். உப்புப் பூத்த கால்கள், உடம்பில் மட்டும் புத்தம்புது பனியன். பேச்சுக்கு நடுவே என் சட்டைக் காலரைத் திருப்பி லேபிளைப் பார்த்தார். எல்லோரிடமும் அப்படித்தானாம்.

“என்ன பாக்குறீங்க?”

“அமெரிக்கா சரக்கான்னுதாங்க. அவங்க வரி ஏத்திட்டாங்கல்ல, அங்க போற திருப்பூர் பனியன்லாம் நம்ம சந்தைக்கு வந்துடுது. நான் போட்டிருக்கிற இது நூறு ரூபாதான்.”

“உங்களுக்கு லாபந்தானே?”

“நீங்க வேற! துணியில சாயம் ஏற நம்ம உப்புதான் திருப்பூருக்குப் போவுது. பனியன் வெளிநாடு போகாம இங்க வந்தா சாயப்பட்டறை ஓடாது, உப்பு ஏத்த லாரி வராதுங்க. மூணு வாரமா சும்மா குந்திக்கினு இருக்கேன்.”

மாலையில் சந்தைக்குப் போனேன். அதே பனியன் ஐம்பது ரூபாய்க்கு இறங்கியிருந்தது. நாளை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.