மைம்மல் தெரியாத பல்ப்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பனிக்காலத்தில் பின்னேரம் நாலு மணியானால் உடம்பு ஓரிடத்தில் நில்லாது. வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாலும் கண் கதவுக்கு வெளியே போய் வானத்தைப் பார்க்கும். பிறகு வீட்டுக்குப் போன் எடுத்து, "லைற் போட்டாச்சோ?" என்று கேட்பேன். மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். "இஞ்சேருங்கோ, உங்களுக்கு வேறை வேலை இல்லையோ? போட்டாச்சு, போட்டாச்சு" என்று படாரென்று வைத்துவிடுவாள்.

அவள் எரிந்து விழுவதில் பிழையில்லை. ஆனால் அப்பாவை நினைத்தால் எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது.

மல்வேர்னில் பழைய வீட்டில் இருந்தவரை அவர் எங்கே நடக்கப் போனாலும் திரும்பி வந்துவிடுவார். ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கி வந்த பிறகுதான் இந்தக் கரைச்சல். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே கல், ஒரே கூரை, ஒரே சாம்பல் நிறக் கராஜ் கதவு. வந்த புதிதில் நானே பக்கத்து வீட்டு வாசலில் காரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அப்பாவுக்கோ மறதி தொடங்கியிருந்தது. வீட்டு இலக்கம் மனதில் நிற்காது. போனைக் கையில் கொடுத்தால் சோபாவில் வைத்துவிட்டுப் போவார். தனியே போகவேண்டாம் என்று சொன்னாலோ, "நான் என்ன மறியலிலையோ இருக்கிறன்?" என்று, ஏதோ சிறையில் அடைத்ததுபோல் கோபித்துக்கொண்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார்.

அப்படியிருந்தும் தவறாமல் வந்து சேர்ந்தார். எப்படி வீட்டைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"உந்த வரியிலை வெளிச்சம் வைச்ச வீடு எங்கட ஒண்டுதானே" என்றார்.

உண்மைதான். வெயில் போய், இருட்டு இன்னும் வந்து சேராத பொழுதை நாங்கள் மைம்மல் என்போம். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் வேறு எந்த வாசலிலும் வெளிச்சம் இராது. என் மனைவி மட்டும் சாமிக்கு விளக்கு வைத்த கையோடு வாசல் லைற்றையும் போட்டுவிடுவாள். இருட்டு வருமுன் வாசலில் வெளிச்சம் இருக்கவேண்டும் என்பது என் வீட்டாருக்கும் அவள் வீட்டாருக்கும் ஊரிலிருந்தே உள்ள பழக்கம். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு அப்பா வந்துவிடுவார். நான் போன் எடுத்து உயிரை வாங்கியதும் இதற்காகத்தான்.

மார்கழியில், அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு இரண்டு கிழமை பின்னேர ஷிப்ட் என்று சொல்லிவிட்டார்கள். நான் வேலை முடிந்து வர ஐந்தரையாகும். நாலரைக்கு லைற் போட வீட்டில் ஆளில்லை. இரண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போய், இருட்டினால் தானாக எரிந்து விடிந்தால் தானாக அணையும் சென்சர் பல்ப் ஒன்றை வாங்கி வந்தேன். அதன் கழுத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண். அதைக் கையால் பொத்தினால் எரிந்தது, கையை எடுத்தால் அணைந்தது. ஏணியில் நின்று பத்துத் தடவையாவது பொத்திப் பொத்திப் பார்த்திருப்பேன்.

"விளக்கு வைக்கிறதுக்கும் மெஷினோ? அதுக்கு நேரம் தெரியுமோ?" என்று மனைவி கீழே நின்று கேட்டாள்.

"உம்மைவிட நல்லாத் தெரியும். பேசாம ஏணியைப் பிடியும்" என்றேன். அந்த வாய்க்கொழுப்பை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

முதல் இரண்டு நாளும் வானம் மூடிக் கிடந்தது. பல்ப் நேரத்தோடு எரிந்தது, அப்பாவும் நேரத்தோடு வந்தார். மூன்றாம் நாள் மேகம் இல்லை, இரவு கொட்டிய பனி வெள்ளை வெளேரென்று கிடந்தது. அன்றுதான் முதல் முறையாக வீட்டு நினைப்பில்லாமல் நாலு மணியைக் கடந்தேன். ஐந்தரைக்கு வந்தபோது வாசல் லைற் ஜோராக எரிந்துகொண்டிருந்தது. கெட்டிக்காரனடா நீ என்று என்னையே மெச்சிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

உள்ளே இருட்டு. அப்பாவின் சப்பாத்தும் இல்லை, கோட்டும் இல்லை.

மூன்று மாடியும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தேன். தெருவில் எல்லா வாசலிலும் லைற் எரிந்தது. எல்லாம் ஒரே மாதிரி. அப்போதுதான் என் மர மண்டையில் ஏறியது. அயலட்டையில் முக்கால்வாசி வீட்டில் இந்தச் சாமான்தான் இருக்கிறது. பனியின் வெளிச்சத்தில் அது இன்னும் பகலென்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. நாலரைக்கு அப்பா வரும்போது தெருவில் ஒரு வெளிச்சமும் இல்லை. பிறகு எல்லா வீட்டிலும் எரிந்திருக்கிறது. வானம் மூடிக் கிடந்த முதல் இரண்டு நாளும் அவர் தப்பி வந்தது என் அதிர்ஷ்டம். பல்ப் ஒரு பிழையும் விடவில்லை. பிழை விட்டவன் நான்.

மனைவி போனில் அழுதாள். "மாமா கையுறையாவது போட்டவரோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? வாய்க்கு வந்தபடி கத்திவிட்டுப் போனை வைத்தேன். நாலு தெரு, ஐந்து தெரு சுற்றினேன். பொலிஸுக்கு அடிக்கப் போனை எடுத்தபோதுதான், பெரிய ரோட்டில் ஏறும் மூலையில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அவரைக் கண்டேன். கையுறை இல்லை. இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, போகிற வருகிற கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா! இதிலை என்ன செய்யிறியள்?"

"வந்திட்டியோ" என்றார், சாவகாசமாக.

"வீட்டை ஏன் போகேல்லை?"

"போனனான். ஒரு வாசல்லையும் வெளிச்சம் இல்லை."

"சாவி பொக்கற்றிலைதானே கிடக்கு! திறந்து உள்ளுக்குப் போயிருக்கலாமே!" நான் கத்தினேன். பயம் போக அந்த இடத்தில் கோபம் வந்து நின்றது.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். விளங்காதவனுக்கு விளங்கப்படுத்துவதுபோல் மெல்லச் சொன்னார். "மைம்மலுக்கை வெளிச்சம் இல்லாத வீட்டிலை ஆர் இருக்கப்போகினம்? ஊரிலை மாதிரிச் சண்டை வந்து எல்லாரும் இடம்பெயர்ந்திட்டியள் எண்டு நினைச்சன். எந்தப் பக்கம் போனியள் எண்டும் தெரியேல்லை. என்னை விட்டிட்டுப் போகமாட்டியள், ஆரேன் தேடி வருவியள் எண்டுதான் ரோட்டிலை வந்து நிண்டனான்."

அழுதேன், ரோட்டில் நின்று, ஆட்கள் பார்க்க. அவரைக் காருக்குள் ஏற்றி, ஹீற்றரைக் கூட்டி, விறைத்துப்போன அந்தக் கைகளை என் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தேன்.

பின் சீற்றைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை.

"மருமகள் எங்கை?" என்றார் பதறிப்போய். "அவளை விட்டிட்டோ வந்தனீ?"