கொட்டகையில் நின்ற பெரிய ஜீப்

தங்கராஜுவுக்கு வண்டி பார்க்கத் தெரியாது என்று பெடாஸ் வட்டாரத்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். மீசை முளைக்கும் முன்பே லோரியில் கெலிண்டானாக, ஓட்டுநருக்கு உதவியாளாகத் தொற்றிக்கொண்டவன். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலைகளை ஏற்றி இறக்கித் தோள் காய்த்து, ஓட்டுநராகி, இப்போது சொந்த லோரி வைத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றுகிறான். யார் பழைய வண்டி வாங்கினாலும் அவனைத்தான் கூட்டிப்போவார்கள். அவன் எஞ்சினைத் திறக்கமாட்டான். முதலில் தரையில் மல்லாந்து படுத்து, சக்கரங்களின் உள்பக்கத்தைத் தடவுவான். ஈரம் பட்டால் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவான். பிரேக் ஆயில் கசிகிற வண்டியைச் சும்மா கொடுத்தாலும் தொடாதே என்பது அவன் ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி.

தனக்கென்று வந்தபோது அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. 1986-இல், மழைக்காலத்துக் காலை ஒன்றில், சிரம்பானில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஆதப்பன் செட்டியாரின் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அந்தப் பெரிய ஜீப்பைப் பார்த்தான். சீமை வண்டி. தோல் இருக்கை, ஏர்கோன், மூடினால் வெளிச்சத்தம் அடங்கிப்போகிற கதவு. ஏதோ ஒரு தோட்டத்துத் துரை ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போனதாம். ஒரு வருஷமாக ஓடவில்லை. செட்டியார் சொன்ன விலையைக் கேட்டதும், இவ்வளவு மலிவு ஏன் என்று மனசு கேட்டது. வாய் கேட்கவில்லை.

வழக்கம்போலத் தரையில் படுத்தான். பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். முகர்ந்து பார்த்தான், பிரேக் ஆயில். வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் அத்தோடு கதை முடிந்திருக்கும். அவனோ செட்டியார் கண்ணில் படாமல், திருட்டுத்தனம் செய்கிறவன்போல விரலைக் கால்சட்டையின் பின்னால் தேய்த்துக்கொண்டான். ஏறி உட்கார்ந்து மிதித்தபோது பிரேக் தரைவரை இறங்கியது. மறுபடி மிதித்ததும் கெட்டிப்பட்டது.

“நின்ன வண்டி தம்பி, ரெண்டு தரம் மிதிச்சாப் புடிச்சுக்கும்,” என்றார் செட்டியார். எத்தனையோ தரகர்களின் வாயில் இதே சொல்லைக் கேட்டுச் சிரித்தவன் தங்கராஜு. இன்று தலையை ஆட்டினான்.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் அவன் அப்பா மணியம். சின்ன வயதில் அவர் சைக்கிளின் பாரில் உட்கார்ந்துதான் அவன் தோட்டம் முழுக்கச் சுற்றினான். துரையின் வண்டிச் சத்தம் கேட்டால் அப்பா இறங்கிவிடுவார். மகனையும் இறக்கிவிடுவார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தூசி அடங்கும்வரை குனிந்து நிற்பார். இறங்கச் சுணங்கியவர்களை வேலையை விட்டே விரட்டிய காலம் அது. அதெல்லாம் ஒழிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. தங்கராஜுவுக்கு மட்டும் வயிற்றெரிச்சல் ஆறவில்லை. அதுமாதிரி ஒரு வண்டியில் அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து, அதே தோட்டத்துக்குள் ஒரு தரம் ஓட்டிக்காட்டிவிட வேண்டும். அவன் வேண்டியது அவ்வளவுதான். அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே மனசு ஒப்பவில்லை. சொல்லத் தெரியாத ஒரு பயம். அன்று காலை அவன் கிளம்பும்போது வாசல்வரை வந்தவள், “மாமா அதுல ஏறுவாங்களான்னு கேட்டீங்களா?” என்றாள். அவனுக்குக் கோபம் வந்தது. வெடுக்கென்று படியிறங்கி வந்துவிட்டான்.

மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்க்காமல் முடிவு சொல்லமுடியாது என்று செட்டியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நேரே தான் பிறந்த, அப்பா இன்னும் குடியிருக்கிற தோட்டத்துக்கு விட்டான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் சாலை ஈரமாகக் கிடந்தது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் பந்தை அப்படியே போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். விறகோடு வந்த ஒருத்தி சாலையை விட்டு மரங்களுக்குள் இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒருவரும் கண்ணாடிக்குள் யார் என்று பார்க்கவில்லை. தங்கராஜுவுக்கு என்னவோபோல் இருந்தது. அது பிடித்தும் இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நான் அவனுக்காகப் பொய் சொன்னவனாவேன்.

மேட்டின் உச்சியைத் தாண்டி வண்டி சரிவில் இறங்கியது. பிரேக்கை மிதித்தான். கால் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தான், லேசாகப் பிடித்தது. மூன்றாவது மிதிக்குக் காலடியில் ஒன்றுமே இல்லை. கியரைக் குறைத்துப் போட்டான். எஞ்சின் அலறியதே தவிர, கனத்த வண்டி கேட்கவில்லை. செட்டியார் முருகா முருகா என்று முனக ஆரம்பித்தார்.

வளைவுக்குக் கீழே, மாட்டுக்குப் புல் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஒரு கிழவர் ஏறி வந்துகொண்டிருந்தார். தங்கராஜுவுக்கு ஆளைத் தெரிந்தது. அப்பா.

வண்டியைக் கண்டதும் அவர் இறங்கினார். சாலையோரம் வாய்க்கால். அதன் விளிம்பில் நின்று, துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி, தலை குனிந்துகொண்டார். தங்கராஜு ஹாரனை அழுத்தினான். ஓடிவிடமாட்டாரா என்றுதான் அழுத்தினான். ஹாரன் கேட்கக் கேட்க அவர் இன்னும் குனிந்தாரே ஒழிய அசையவில்லை. அசையாமல் நிற்கத்தான் அவருக்குப் பழக்கியிருந்தார்கள்.

ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தான். வண்டியின் வால் சறுக்கிச் சைக்கிளை அடித்து வாய்க்காலில் தள்ளியது. மூக்கு மண்மேட்டில் முட்டி, எல்லாம் நின்றது. பின்னால் அப்பா நின்ற இடத்தைத் திரும்பிப் பார்க்க அவனால் முடியவில்லை. அப்போது அவர் குரல் கேட்டது.

“தப்பு என் மேலதான் தொரை. சைக்கிள கொஞ்சம் வெளிய வச்சிட்டேன்.”

தங்கராஜு கதவைத் திறந்து ஓடினான். அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. புல்கட்டு அவிழ்ந்து அவர் காலடியில் சிதறிக் கிடந்தது. தலை இன்னும் குனிந்தேதான் இருந்தது.

“அப்பா, நான்தாம்பா,” என்று அவர் கையைப் பிடித்தான். நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். உன்னுடையதா என்று கேட்டார். பார்க்கத்தான் எடுத்து வந்தேன், இன்னும் முடிவு சொல்லவில்லை என்றான்.

கிழவரின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு பெருமையை அவன் அந்த முகத்தில் அதுவரை கண்டதில்லை.

“வாங்கிருடா,” என்றார். “நானே எறங்கி நின்னுட்டேன், பாத்தல்ல.”

தங்கராஜு சாவியைக் கொண்டுபோய்ச் செட்டியாரின் மடியில் வைத்தான். வண்டி வேண்டாம் என்றான். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, அவர் முகத்தைப் பார்க்காமல், பிரேக் சரியில்லை என்று சொன்னான்.