வேலியோரம் கற்ற சீனம்

பத்தாங் காலி ரயில் நிலையத்தில், பள்ளிச் சீருடையில் இருந்த சீனச் சிறுமி ஒருத்தி தன் தோழியிடம் "மிங் தியென் ஜியென்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். நாளைக்குப் பார்ப்போம் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த சீனம் அவ்வளவுதான்.

எண்பதுகளில் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளுக்குப் பின்னால் என் சீனத் தோழி மெய் லிங்கின் அப்பா கங்கோங் கீரை போட்டிருந்தார். பாத்தியில் தண்ணீர் விட்டதும் எழும் சேற்று வாசனையில், வேலியோரம் நின்று மெய் லிங் எனக்கு அதைச் சொல்லிக்கொடுப்பாள். கடைசிச் சொல்லில் குரலைச் சட்டென்று இறக்க வேண்டும். நான் இழுத்தால் தோளைப் பிடித்து அழுத்துவாள். தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது சொல்லிப் பார்ப்பேன். தினமும் இழுத்துவிடும்.

பிறகு எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள். லோரியில் சாமான் ஏற்றிய அன்று அம்மா, "அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டு வா. போறேன்னு மட்டும் சொல்லாத, வரேன்னு சொல்லு" என்றார்.

நாங்கள் இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். இனி வரமாட்டேன் என்று அதிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் லயத்துக்கு முன்னால் நின்ற லோரியைப் பற்றி எதுவும் தெரியாமல், அவள் கீரைக்கட்டோடு சிரித்துக்கொண்டு நின்றாள். "மிங் தியென் ஜியென்" என்றேன்.

அன்றுதான் அது பிழையில்லாமல் வந்தது. மெய் லிங் கீரைக்கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள்.

மறுநாள் வேலியோரம் எவ்வளவு நேரம் நின்றாளோ.