மில்லடி றீற்றா அக்கா

றீற்றா அக்கா போயிட்டா. காலமை அக்காவின்ர மகள் ஃபோன் எடுத்துச் சொன்னாள்.

கையில ஸ்பானரோட அப்பிடியே நிண்டனான். கராஜ் பெடியள் "என்ன அண்ணை, ஆர்?" எண்டு கேக்கிறாங்கள். என்னெண்டு சொல்லுறது... இவங்களுக்கு அக்காவைத் தெரியாது. உங்களில கனபேருக்கும் தெரியாது. அதான் எழுதுறன்.

தொண்ணூற்றாறில சண்டையோட நானும் மனிசியும் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, முள்ளிவாய்க்கால் பக்கம் போய் ஒதுங்கினனாங்கள். அங்க ஒரு மில். நெல்லுக் குத்தும், மா அரைக்கும். பெரிய ஒத்தைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். அந்த எஞ்சினுக்குப் பொறுப்பு றீற்றா அக்கா.

ஓம், பொம்பிளைதான். தகப்பன் வள்ளத்து எஞ்சின் வேலை செய்த மனிசன், அவரோட நிண்டு பழகினவா.

சட்டையை இழுத்துச் செருகிப்போட்டு ஹாண்டிலைப் போட்டுச் சுத்தினாவெண்டால் எஞ்சின் எழும்பத்தான் வேணும். எழும்பாட்டி வாயில வாற கதை இருக்கே... நெல்லுக் கொண்டந்த சனம் காதைப் பொத்தும். பேசி முடிச்சுப்போட்டுத் தானே சிலுவை அடையாளமும் போட்டுக்கொள்ளுவா.

புழுகுக்கும் குறைவில்லை. "நான் தொட்ட எஞ்சின் படுத்ததாச் சரித்திரமே இல்லை" எண்டு வாறவன் போறவனுக்கெல்லாம் சொல்லுவா.

நான் அங்க வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். எஞ்சின் புகை தள்ளத் தொடங்கிச்சு. இறக்கிக் கழட்டினம். சிலிண்டருக்கு மூடியா இருக்கிற ஹெட், அதுக்குள்ள வால்வ், அந்த வேலை முழுக்க அக்கா. பிஸ்டனுக்கு றிங் போட்டது நான்.

அப்ப சண்டைக்காலம், எங்கட பக்கத்துக்குச் சாமான் எல்லாம் தடை. வால்வ் தேய்க்கிற பேஸ்டுக்கு எங்க போறது? அக்கா நாயாற்றுக் கரையில ஒதுங்கிற கறுப்பு மண்ணை அள்ளியந்து, இடிச்சு, சீலைத் துணியில அரிச்சு, ஒயிலில குழைச்சா. அதைப் பூசித்தான் வால்வைத் தேய்ச்சு அது குந்திற சீற்றில பொருத்தினவா. "கொழும்புப் பேஸ்ட் என்ன பேஸ்ட்!" எண்டு ஒரு சிரிப்பு வேற.

எல்லாம் பூட்டி முடிச்சு ஹாண்டிலைச் சுத்தினால்... கிணத்துக் கப்பி மாதிரிச் சும்மா சுத்துது. உள்ளுக்குக் காத்து இறுகிற கம்பிறசன் எண்ட ஒண்டே இல்லை.

முதலாளி வந்தார். ஒண்டும் விசாரிக்கேல்லை. "புதுசா வந்தவன்ர கைவேலை. றிங்கை உடைச்சுப்போட்டான். ஆளைக் கணக்குத் தீர்த்து அனுப்பு."

வெளியில நெல்லு மூட்டையோட சனம். எல்லாரும் என்னைத்தான் பாக்கினம்.

பள்ளிக்கூட வளவில தறப்பாள் கொட்டிலுக்குள்ள என்ர மனிசி... வயித்தில பிள்ளை. றிங் உடைச்சவன் எண்ட பேரோட இனி எந்தப் பட்டறையில போய் நிக்கிறது?

அக்காதான் கதைச்சவா. "பொறுங்கோ முதலாளி. முதல்ல எஞ்சினைக் கேப்பம். பிறகு நீங்கள் ஆரையெண்டாலும் அனுப்புங்கோ."

டீசல் பீச்சிற இன்ஜெக்டரைக் கழட்டி, அந்த ஓட்டையால சிலிண்டருக்குள்ள கொஞ்சம் ஒயில் விட்டா. றிங் பிழையெண்டால் அந்த ஒயில் இடைவெளியை அடைக்கும், கம்பிறசன் கூடும். திருப்பிப் பூட்டிப்போட்டு "சுத்தடா" எண்டா.

சுத்தினன். அதே இளக்கம். துளியும் கூடேல்லை.

"றிங்கில பிழை இல்லை! பெடியன்ர வேலை சரி!" றோட்டில போனவனுக்கும் கேட்டிருக்கும்.

பிறகு ஹெட் பொருத்தைச் சுத்திச் சவுக்காரத் தண்ணி தடவினா. நுரை எழும்பேல்லை. அப்ப பொருத்துக்கு நடுவில வைக்கிற காஸ்கெட்டிலயும் பிழை இல்லை. கடைசியா சைலன்சர் குழாய் வாயில காதை வச்சுக்கொண்டு "இப்ப மெல்லமாச் சுத்து" எண்டா.

உஸ்ஸ்ஸ்...

எனக்கே கேட்டுது. அக்காவின்ர முகம் மாறிட்டுது. காத்து, புகை போற எக்ஸோஸ்ட் வால்வாலதான் போகுது. அந்த வால்வ் அவா தேய்ச்சது.

ஹெட்டைத் திருப்பிக் கழட்டினால், சீற் விளிம்பில கறுப்பு மண். வால்வ் முழுசா மூடாமல் அதில தட்டி நிக்குது. கழுவ மண்ணெண்ணெய் காணாதெண்டு சிக்கனம் பிடிச்சதில மிஞ்சின மண்.

பாத்தது அவாவும் நானும் மட்டும்தான். விரலால துடைச்செறிஞ்சிட்டு "பழைய வால்வ், தேய்ஞ்சுபோச்சு" எண்டிருக்கலாம். ஆருக்குத் தெரியப்போகுது? அவ்வளவு புழுகின மனிசி, அப்பிடித்தான் சொல்லுவா எண்டு நினைச்சன்.

ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தா. "முதலாளி, இதைப் பாருங்கோ. மண். நான்தான் ஒழுங்காக் கழுவேல்லை. என்ர பிழை. அனுப்புறதெண்டால் என்னை அனுப்புங்கோ. தம்பி போட்ட றிங் திறம்."

சனத்துக்குள்ள இருந்து ஒருத்தர், "அது சரி பிள்ளை, எங்களுக்கு அரிசி எப்ப?"

"நீங்கள் வாயை மூடினாப் பிறகு!"

முதலாளி வீட்டு லாம்புக்கு வச்சிருந்த மண்ணெண்ணெயை அவரிட்டையே வாங்கி நல்லாக் கழுவினம். வால்வைத் திரும்பப் பொருத்திப் பூட்டினம். இந்தமுறை ஹாண்டில் என்ர கையைத் திருப்பி உதைச்சுது. அந்தக் கை நோவு இருக்கே... அப்பிடி ஒரு சந்தோசம்! எஞ்சின் பிடிச்சுது. முதலாளி ஆரையும் அனுப்பேல்லை, உள்ளுக்குப் போயிட்டார்.

அதுக்குப் பிறகு அக்கா தன்னைப் பற்றிப் புழுகிறதைக் கொஞ்சம் குறைச்சு, என்னைப் பற்றிப் புழுகத் தொடங்கிட்டா. வள்ளக்காரர், ட்ராக்டர்காரர் எல்லாரிட்டையும், "மில்லுக்கு றிங் போட்ட பெடியன் இவன்தான்." எனக்கு வேலை தேடிப் போகவேண்டி வரேல்லை.

அந்த மனிசியோட வேலை செய்தனான் எண்டு சொல்ல எனக்கு எப்பவும் பெருமைதான். இண்டைக்கும் அழுகைக்குள்ள அதுதான் நிக்குது.

ஃபோனை வைக்க முதல் மகள் இன்னொண்டும் சொன்னவள். நான் சவப்பெட்டி தூக்க வேணுமாம்.

"சொந்தக்காரர் இருக்கேக்க நான் என்னெண்டம்மா..." எண்டு இழுத்தன்.

"இல்லை மாமா. அம்மா ஆர் ஆர் தூக்கிறதெண்டு பேர் சொல்லிப்போட்டுத்தான் போனவா. முதல் பேர் உங்கட."

நாளைக்குப் பின்னேரம் அடக்கம். கராஜைப் பூட்டிறன்.

வாறன் அக்கா.